நடுவிலே தேயும் டயர்

விழுப்புரம், திண்டிவனம் டயர் கடைகளின் வாசலில் கழற்றிப் போட்டிருக்கும் ஸ்போர்ட்ஸ் பைக் டயர்களைக் கொஞ்சம் நின்று பாருங்கள். இரண்டு ஓரங்களிலும் பட்டன் அப்படியே இருக்கும். தொழிற்சாலை அச்சிலிருந்து வெளிவந்தபோது ஒட்டியிருந்த ரப்பர் முடிகூடச் சில டயர்களில் உதிர்ந்திருக்காது. நடுவில் மட்டும் மூன்று நான்கு விரல் அகலத்துக்கு வழுவழுவென்று தேய்ந்து தட்டையாகியிருக்கும். ஏற்காட்டிலோ கொல்லிமலையிலோ ஓடிய டயர் இப்படித் தேயாது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி இறங்கும் டயர் தோளோடு சேர்ந்து தேயும். நேர்கோட்டில், வேகமாக, வெயிலில், மணிக்கணக்கில் ஓடும் டயர்தான் நடுவில் தேயும்.

புது டயர் தேடிக் கடைக்குப் போகிறவருக்குத் தேவையான முதல் தகவல் அந்தப் பழைய டயரிலேயே இருக்கிறது. எந்தச் சாலையில், எப்படி, எவ்வளவு ஓட்டினோம் என்று அது காட்டிவிடுகிறது. கடையில் கேட்கப்படும் முதல் கேள்வியோ பெரும்பாலும் வேறாக இருக்கிறது: “அண்ணே, இதைவிடப் பெரிய சைஸ் போட முடியுமா?” அந்தக் கேள்வியைத் தாண்டி நம் இளைஞர்கள் யோசிக்க வேண்டும் என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

நேர்கோடாக ஒரு சாலை

சென்னையிலிருந்து தெற்கே இறங்கும் பழைய 45-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலைக்கு இன்று இந்தப் பகுதியில் மூன்று எண்கள். திண்டிவனம் வரை 32, அங்கிருந்து விழுப்புரம் வரை 132, அதற்குத் தெற்கே 38. மக்கள் வாயில் அது இன்றும் ஜி.எஸ்.டி. ரோடுதான். திண்டிவனத்தில் புதுச்சேரிக்கு ஒரு கிளை பிரிகிறது. செஞ்சி, திருவண்ணாமலை வழியாகக் கிருஷ்ணகிரிக்கு இன்னொன்று. கடலோரம் மரக்காணத்துக்கு வேறொன்று. கூட்டேரிப்பட்டு, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் என்று தாண்டி விழுப்புரம் சேர 37 கிலோமீட்டர் அளவுக்கு வரும். அந்த வழியில் பைக்கைச் சாய்த்துத் திருப்ப வேண்டிய வளைவு என்று சொல்லிக்கொள்ள ஏறக்குறைய எதுவுமில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் சென்னையிலிருந்து பைக் கூட்டங்கள் இந்தப் பக்கம் வருகின்றன. வாரநாட்களில் ஓடுவது உள்ளூர்ப் பிள்ளைகளின் வண்டிகள்: கல்லூரிக்கும் வேலைக்கும் விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் புதுச்சேரிக்குமாகப் போய்வரும் யமஹா ஆர்15, கே.டி.எம். ஆர்.சி. 200, ஆர்.சி. 390, பல்சர் ஆர்.எஸ். 200, ஓசூரில் தயாராகும் டி.வி.எஸ். அப்பாச்சி ஆர்.ஆர். 310. பந்தய வண்டியின் தோற்றத்தோடு வந்தாலும் இவற்றின் அன்றாட வேலை நான்கு வழிச் சாலையில் நேராக ஓடுவதுதான்.

சாலையின் மேற்பரப்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அரவைக் காலத்தில் முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் வரிசை கட்டும். சிந்திய சோகையும் சக்கையும் தாரில் ஒட்டிக்கிடக்கும். வானூர், திருவக்கரைப் பக்கத்துக் கல்குவாரிகளிலிருந்து வரும் லாரிகள் ஜல்லிப் பொடியைத் தூவிக்கொண்டே போகும். சர்வீஸ் ரோட்டோரம் சீமைக் கருவேல முள். சித்திரை, வைகாசியில் தார் கொதிக்கும். ஐப்பசியில் மழை தொடங்கினால் அதே தாரின் மேல் தண்ணீர் நிற்கும். ஒரே டயர் இத்தனைக்கும் ஈடுகொடுக்க வேண்டும்.

தட்டையான டயரும் புயல் மழையும்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் மயிலத்தில் பதிவான மழை 51 சென்டிமீட்டர். மயிலம் எங்கே இருக்கிறது? திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில், இதே சாலையை ஒட்டி. அடுத்த நாள் விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே ரயில் பாலத்தைத் தொட்டுக்கொண்டு வெள்ளம் போனதால் ரயில்கள் நின்றன. விழுப்புரத்துக்குத் தெற்கே அரசூரில் மலட்டாறு பெருக்கெடுத்து நெடுஞ்சாலைப் போக்குவரத்தையே முடக்கியது. அப்படிப்பட்ட நாளில் யாரும் பைக்கை எடுக்கக் கூடாது. ஆனால் வடகிழக்குப் பருவமழை என்பது அந்த ஒருநாள் மட்டுமில்லை. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை திடீரென்று அரைமணி நேரம் கொட்டிவிட்டு நிற்கும் மழையில் ஆயிரக்கணக்கானவர்கள் இந்தச் சாலையில் வண்டி ஓட்டியாக வேண்டும்.

நடுவில் தேய்ந்த டயரின் ஆபத்து அப்போதுதான் வெளிப்படுகிறது. புது பைக் டயரின் குறுக்குவெட்டு வளைவானது. சாலையில் படும் இடம் உள்ளங்கை அளவுதான் இருக்கும். அந்த வளைவு தண்ணீரை இரண்டு பக்கமும் ஒதுக்கித் தள்ளும். மிஞ்சியதை பட்டன்களுக்கு இடையே ஓடும் பள்ளங்கள் வெளியேற்றும். கார் டயரைவிட பைக் டயர் தண்ணீரில் எளிதில் மிதக்காமல் இருப்பதற்கு இந்த வளைவு ஒரு முக்கியக் காரணம். நடுப்பகுதி தட்டையாகிவிட்டால் இரண்டு பாதுகாப்பும் ஒரே நேரத்தில் போய்விடுகின்றன. தண்ணீரைக் கிழிக்கும் வளைவு இல்லை. தண்ணீர் வெளியேறப் பள்ளமும் இல்லை. டயருக்கும் தாருக்கும் நடுவில் தண்ணீர் படலமாகப் புகுந்துகொள்ளும். அதற்குப் பிறகு பிரேக்குக்குப் பிடிமானம் கிடையாது.

ஏ.பி.எஸ். இருக்கிறதே என்று பலர் தைரியமாக இருக்கிறார்கள். ஏ.பி.எஸ். செய்வது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது. டயரில் இல்லாத பிடிமானத்தை அதனால் உண்டாக்க முடியாது.

காய்ந்த சாலையிலும் தட்டையான டயர் தொல்லை தரும். நேராகப் போகும்போது ஒன்றும் தெரியாது. டோல்கேட் தாண்டி சர்வீஸ் ரோட்டில் இறங்கவோ ரவுண்டானாவில் திரும்பவோ சாய்க்கும்போது, தட்டைப் பகுதி முடிந்து தோள் தொடங்கும் விளிம்பில் வண்டி திடுக்கென்று விழுவதுபோல் சாயும். பல பேர் இதைச் சஸ்பென்ஷன் கோளாறு என்று நினைத்து ஒர்க்‌ஷாப்புக்கு வண்டியைக் கொண்டுபோகிறார்கள். பணம் செலவாகிறது; கோளாறு அப்படியே இருக்கிறது.

2022-இல் நாட்டிலேயே அதிகச் சாலை விபத்துகள் பதிவான மாநிலம் தமிழ்நாடு. மத்திய அரசின் அறிக்கைப்படி 64,105 விபத்துகள், 17,884 சாவுகள். அந்த ஆண்டு இந்தியச் சாலைகளில் இறந்தவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். எல்லாவற்றுக்கும் டயர் காரணமில்லை. ஆனால் சாலையைத் தொடுவது டயர் ஒன்றுதான் என்பதால், அதை மட்டும் கடைசிச் செலவாகத் தள்ளிப்போடும் பழக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை. இருபதாயிரம் கொடுத்து சைலன்சர் மாற்றிய வண்டியில் மொட்டை டயர் ஓடுவதைப் பார்க்கும்போது உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது.

“பெரிய சைஸ் போடலாமா அண்ணே?”

கடைகளில் திரும்பத் திரும்ப நடக்கும் பேச்சு இது.

“ஆர்15-க்கு 150 போடலாமா அண்ணே? பின்னாடி பார்த்தா சும்மா கெத்தா இருக்கணும்.”

“போடலாம் தம்பி, உட்காரும். ஆனா வண்டி குணம் மாறிடும். அப்புறம் என்கிட்ட வந்து திரும்பல, மைலேஜ் வரலன்னு சொல்லக் கூடாது.”

கடைக்காரர் சொல்வது கணக்கிலும் சரியாக வருகிறது. ஆர்15-இன் பின் டயர் 140/70 ஆர்17. 140 என்பது அகலம், மில்லிமீட்டரில். 70 என்பது அந்த அகலத்தில் உயரம் எத்தனை சதவீதம் என்பது. அதாவது 98 மி.மீ. 17 அங்குல ரிம்மின் விட்டம் 431.8 மி.மீ. மேலும் கீழும் 98 சேர்த்தால் சக்கரத்தின் மொத்த விட்டம் சுமார் 628 மி.மீ. அதற்குப் பதில் ஆர்.சி. 390-க்குப் போடும் 150/60 டயரை மாட்டினால் உயரம் 90 மி.மீ. ஆகிறது, மொத்த விட்டம் 612. சக்கரம் 16 மி.மீ. சிறுத்துவிட்டது. வண்டியின் பின்பக்கம் 8 மி.மீ. தாழ்ந்துவிட்டது. பின்பக்கம் தாழ்ந்தால் முன் ஃபோர்க்கின் சாய்வு கூடும். வண்டி திரும்பச் சோம்பல்படும். ஆர்15 வாங்கியதே அது சட்டென்று திரும்பும் என்பதற்காக. அந்தக் குணத்தைத்தான் காசு கொடுத்து இழக்கிறோம்.

ரிம் அகலம் இன்னொரு சிக்கல். டயருக்கு ஏற்ற அகலத்தைவிடக் குறுகிய ரிம்மில் அகலமான டயரை மாட்டினால் இரண்டு பக்கச் சுவரும் உள்ளே இழுக்கப்பட்டு, நடுப்பகுதி கூம்பிக்கொண்டு மேலே எழும்பும். பார்க்க அகலமாகத் தெரியும் டயரின் ஓரம் சாலையைத் தொடவே தொடாது. நம் சாலையில் ஏற்கெனவே நடுவில்தான் தேய்கிறது. கூம்பிய டயர் இன்னும் சீக்கிரம் நடுவில் தேயும். எடையும் கூடும். சில வண்டிகளில் செயின் கவரில் உரசும்.

ஆர்.சி. 390, அப்பாச்சி ஆர்.ஆர். 310 இரண்டுக்கும் முன்னால் 110/70, பின்னால் 150/60, இரண்டும் 17 அங்குலம். அதில் 160 போட ஆசைப்படுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஏ.பி.எஸ்.-ம் டிராக்‌ஷன் கன்ட்ரோலும் முன், பின் சக்கரங்களின் சுழற்சி வேகத்தை ஒப்பிட்டுத்தான் முடிவெடுக்கின்றன. வண்டியை வடிவமைத்தவர்கள் ஒரு குறிப்பிட்ட விட்டத்தை வைத்து அந்தக் கணக்கைப் போட்டிருக்கிறார்கள். ஒரு சக்கரத்தின் விட்டத்தை மட்டும் மாற்றினால் கணக்கு பிசகும்.

என் முடிவு தெளிவானது: கம்பெனி கொடுத்த சைஸைத் தொடாதீர்கள். மாற்ற வேண்டியது டயரின் தரத்தை, ரகத்தை. அகலத்தை வேண்டாம்.

டயர் சுவரில் எழுதியிருப்பது

பக்கச் சுவரில் சைஸுக்குப் பக்கத்தில் இன்னொரு எண்ணும் எழுத்தும் இருக்கும். 66 ஹெச் என்றிருந்தால், 66 என்பது தாங்கும் எடைக்கான குறியீடு, 300 கிலோ. ஹெச் என்பது வேகம். மணிக்கு 210 கி.மீ. வரை. எஸ் 180, வி 240, டபிள்யூ 270. நம் சாலையில் யாரும் அந்த வேகத்தில் போகக் கூடாது, போகவும் தேவையில்லை. இருந்தாலும் குறைந்த எழுத்துக்கு இறங்க வேண்டாம் என்பதற்குக் காரணம் வெப்பம். உயர்ந்த எழுத்து உள்ள டயர் அதிக வெப்பத்தைத் தாங்கும்படி கட்டப்பட்டது. மே மாத மதியத்தில் பின்னால் ஒருவரை உட்காரவைத்து, பையும் கட்டிக்கொண்டு செங்கல்பட்டிலிருந்து விழுப்புரம் வரை நிறுத்தாமல் வரும்போது அந்தத் தாங்கும் சக்தி வேலைக்கு வரும்.

சைஸில் ஆர் என்ற எழுத்து இருந்தால் ரேடியல். உள்ளே இழைகள் ஓரத்துக்கு ஓரம் நேர்குறுக்காக ஓடும். நல்ல ரகங்களில் மேலே எஃகுக் கம்பி வளையமாகச் சுற்றப்பட்டிருக்கும். சாதாரண டயரில் இழைகள் கோணலாக ஒன்றன்மேல் ஒன்றாகப் போகும். நெடுநேர வேகத்தில் ரேடியல் குறைவாகச் சூடேறும், உருவம் மாறாமல் நிற்கும். ரேடியல் கொடுத்திருக்கும் வண்டியில் விலை குறைவு என்று சாதாரண டயர் மாட்டக் கூடாது. பல ஆர்15 வண்டிகளில் முன்னால் சாதாரண டயரும் பின்னால் ரேடியலும் கம்பெனியே கொடுப்பதுதான். அது சரியான சேர்க்கை. தலைகீழாக, முன்னால் ரேடியலும் பின்னால் சாதாரண டயரும் போட்டால் வண்டி அலையும்.

அடுத்தது பிறந்த தேதி. நீள்வட்டக் கட்டத்துக்குள் நான்கு எண்கள்: 3225 என்றால் 2025-ஆம் ஆண்டின் 32-ஆவது வாரம். சிறிய ஊர்க் கடைகளில் விலை கூடிய ஸ்போர்ட்ஸ் டயர் வேகமாக விற்பதில்லை, ஸ்டாக் தங்கும். வெயில் படும் இடத்தில் இரண்டு மூன்று ஆண்டுகள் தொங்கிய டயரைப் புதுசு என்று வாங்கிவிடக் கூடாது. காசு கொடுப்பதற்கு முன் தேதியைப் பார்க்கக் கேளுங்கள்; நல்ல கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார். ஞாயிறு மட்டும் எடுக்கும் வண்டிகளுக்கும் இது பொருந்தும். பட்டன் நிறைய இருக்கும், ரப்பர் செத்துப்போயிருக்கும். ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஆன டயரை வருடம் ஒருமுறை தெரிந்தவரிடம் காட்டிப் பார்க்கச் சொல்வதும், பத்து ஆண்டு ஆனால் எப்படி இருந்தாலும் கழற்றிவிடச் சொல்வதும் டயர் கம்பெனிகளின் பொதுவான அறிவுரை. நம் வெயிலுக்கு அதற்கும் முன்பே கழற்றிவிடுவது நல்லது.

எந்த ரகம்?

ஸ்போர்ட்ஸ் பைக்குக்கான டயரில் பெரிய பிரிவுகள் மூன்று. பந்தயப் பாதையை மனதில் வைத்துச் செய்தவை ஒருவகை. ரப்பர் மிக மென்மை, பள்ளம் குறைவு, சூடேறினால்தான் பிடிக்கும். தெருவுக்கான ஸ்போர்ட்ஸ் டயர் அடுத்தது. ஸ்போர்ட்-டூரிங் என்று சொல்லப்படும் மூன்றாவது வகையில் நடுவில் கெட்டி ரப்பரும் ஓரத்தில் மென்மையான ரப்பரும் வைத்து, மழைக்கான பள்ளங்களை அதிகம் வெட்டியிருப்பார்கள்.

நடுவில் தேயும் சாலைக்கு நடுவில் கெட்டியான டயர். மழை கொட்டும் ஊருக்குப் பள்ளம் நிறைந்த டயர். இரண்டும் ஒன்றாக இருப்பது மூன்றாவது வகையில். திண்டிவனம், விழுப்புரம், புதுச்சேரி என்று தினமும் ஓடுகிறவர் யோசிக்காமல் அந்தப் பக்கம் போகலாம். ரேஸ் டயர் அளவுக்கு ஒட்டாதே என்ற பயம் வேண்டாம். தெருவில் சாயக்கூடிய சாய்வுக்கு அதன் ஓரத்திலுள்ள மென்மையான ரப்பர் தாராளமாகப் போதும். டி.வி.எஸ். நிறுவனமே 2017-இல் வந்த அப்பாச்சி ஆர்.ஆர். 310-க்கு முதலில் மிஷெலின் பைலட் ஸ்ட்ரீட் டயர் கொடுத்து, 2020-இல் மிஷெலின் ரோடு 5-க்கு மாறியது. பெயரிலேயே சாலையைத் தாங்கிய அது ஒரு ஸ்போர்ட்-டூரிங் டயர். பந்தயத்தில் ஊறிய ஒரு கம்பெனி தன் முதன்மை ஸ்போர்ட்ஸ் பைக்குக்கு அப்படியொரு டயரைத் தேர்ந்தெடுத்தது யோசிக்கத் தக்கது.

கல்வராயன் மலைக்கோ ஏலகிரிக்கோ ஜவ்வாது மலைக்கோ அடிக்கடி போகிறவர் தெருவுக்கான ஸ்போர்ட்ஸ் டயரை எடுக்கலாம். ஆயுள் குறையும் என்று தெரிந்து எடுக்க வேண்டும். முழங்கால் தரையில் உரச வேண்டும் என்ற ஆசை உள்ளவர்களுக்கு இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் பந்தயப் பாதை இருக்கிறது. பயிற்சி வகுப்புகளும் நடக்கின்றன. மென்மையான டயரின் அருமை அங்கேதான் தெரியும். கூட்டேரிப்பட்டு மேம்பாலத்தில் அதைத் தேட வேண்டாம்.

வெளிநாட்டு டயர்தான் வேண்டும் என்ற பிடிவாதமும் இப்போது தேவையில்லை. 2020 ஜூன் 12 அன்று மத்திய அரசு புதிய டயர் இறக்குமதியைத் தடையற்ற பட்டியலிலிருந்து எடுத்து உரிமம் தேவைப்படும் பட்டியலில் வைத்தது. அதன்பின் சில சைஸ்களில் இறக்குமதி டயர் கிடைப்பதே சிரமமானது. அந்த இடைவெளியில் உள்நாட்டு ரேடியல்கள் வளர்ந்தன: எம்.ஆர்.எஃப். ஸ்டீல் பிரேஸ், அப்போலோ ஆல்ஃபா ஹெச்1, டி.வி.எஸ். யூரோகிரிப் புரோடார்க் எக்ஸ்ட்ரீம், சியட் ஸ்போர்ட்ராட். 17 அங்குலத்தில் 110/70-ம் 150/60-ம் தேடுகிறவருக்கு இன்று நல்ல தேர்வு உள்ளூரிலேயே இருக்கிறது.

இதில் தமிழ்நாட்டுக்குப் பெருமைப்பட இடமுண்டு. 1946-இல் திருவொற்றியூரில் பலூன் செய்யத் தொடங்கிய கம்பெனிதான் எம்.ஆர்.எஃப். விழுப்புரத்துக்குப் பக்கத்தில், புதுச்சேரியின் நெட்டப்பாக்கம் கொம்யூன் எரிப்பாக்கத்திலும் அதற்குத் தொழிற்சாலை உண்டு. யூரோகிரிப் மதுரைக் கம்பெனி. அப்போலோவுக்கு ஒரகடத்திலும் சியட்டுக்கும் ஜே.கே.-வுக்கும் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்திலும் ஆலைகள் உள்ளன. டயர் தயாரிக்கும் மாநிலத்தில் இருந்துகொண்டு மொட்டை டயரில் ஓடுவது நமக்கு அழகில்லை.

எதை வாங்கினாலும் சுவரில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்க வேண்டும். இந்தியாவில் விற்கும் டயருக்கு அது கட்டாயம். ‘செகண்ட்ஸ்’ என்று சொல்லி விற்கும் டயரையும், மொட்டை டயரில் கத்தியால் புதிதாகப் பட்டன் வெட்டி விற்பதையும் தொடவே கூடாது. பட்டன் வெட்டிய டயரில் இழைக்கு மேல் மிஞ்சியிருக்கும் ரப்பர் தாள் கனம்தான். அது வெடித்தால் முன்னறிவிப்பு இருக்காது.

விலையைப் பற்றி ஒரு செய்தி. 2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கான சரக்கு மற்றும் சேவை வரி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. வரிக்கு முன் 5,000 ரூபாய் விலையுள்ள டயர் முன்பு 6,400, இப்போது 5,900. மிச்சமாகும் ஐந்நூறு ரூபாயில் புது வால்வும் பேலன்சிங்கும் முடித்துவிடலாம். பழைய விலையையே சொன்னால் பில் கேளுங்கள்.

மாட்டுவதும் காற்றும்

நல்ல டயரைக் கெட்ட கையில் கொடுத்தால் பயனில்லை. கடப்பாரை போன்ற லீவரை அலாய் ரிம்மில் வைத்து நெம்பினால் விளிம்பு கீறும். டியூப்ளெஸ் டயரில் அந்தக் கீறல் வழியாகவே காற்று கசியும். டயர் மாட்டும் மெஷின் இருக்கும் கடைக்குப் போக வேண்டும், அதற்காகப் புதுச்சேரிக்கே போக வேண்டியிருந்தாலும். சுவரில் உள்ள அம்புக்குறி சக்கரம் சுழலும் திசையில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். மழைத் தண்ணீரை வெளியேற்றும் பள்ளங்கள் அந்தத் திசையை வைத்தே வெட்டப்பட்டவை. பின் சக்கரத்தைத் திரும்ப மாட்டும்போது ஸ்விங் ஆர்மின் இருபுறக் கோடுகளும் ஒரே இடத்தில் நிற்க வேண்டும், செயின் தளர்வும் சரியாக இருக்க வேண்டும்.

புது டயரின் மேற்பரப்பு வழவழப்பானது. முதல் 100, 150 கிலோமீட்டர் வரை நிதானமாக ஓட்டி, சாய்வைச் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். கடையை விட்டு வெளியே வந்ததும் முறுக்கி விழுந்தவர்கள் உண்டு.

காற்று விஷயத்தில் நம் ஊரில் ஒரு தவறு பரவலாக நடக்கிறது. சென்னையிலிருந்து வெயிலில் வந்து திண்டிவனம் பங்க்கில் நிறுத்திக் காற்று பார்க்கிறார்கள். சூட்டில் அழுத்தம் ஏறியிருக்கும். ஐந்தாறு டிகிரி சூட்டுக்கு ஒரு பி.எஸ்.ஐ. என்ற அளவில் கூடும். “காத்து ஜாஸ்தியா இருக்கு” என்று இறக்கிவிடுவார்கள். ராத்திரி டயர் ஆறியதும் அழுத்தம் தேவையைவிடக் குறைந்து நிற்கும். காற்று குறைந்த டயர் சூடேறும், வேகமாகத் தேயும், தண்ணீரில் சீக்கிரம் மிதக்கும். காலையில் வண்டியை எடுப்பதற்கு முன், டயர் ஆறியிருக்கும்போது, வண்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவுக்கு வையுங்கள். பின்னால் ஆள் உட்கார்ந்தால் பின் டயருக்கு வேறு அளவு போட்டிருக்கும். சொந்தமாக ஒரு கேஜ் வாங்கிவைப்பது நல்லது. நைட்ரஜனுக்குத் தனிக்காசு கொடுக்கத் தேவையில்லை. நாம் அடிக்கும் சாதாரணக் காற்றிலேயே நூற்றுக்கு 78 பங்கு அதுதான்.

சீமைக் கருவேல முள் குத்தினால் பஞ்சர் கடையில் கயிறு திணித்து அனுப்புவார்கள். வீடு போய்ச் சேர அது உதவும். வேகமாக ஓடும் ஸ்போர்ட்ஸ் பைக்குக்கு அதை நிரந்தரமாக விடக் கூடாது. டயரைக் கழற்றி உட்பக்கமாகக் காளான் ஒட்டுப் போட வேண்டும். பக்கச் சுவரில் குத்தினால் எந்த ஒட்டும் வேண்டாம், டயரையே மாற்ற வேண்டும்.

எப்போது மாற்றுவது?

பள்ளங்களுக்குள் சின்ன மேடுகள் இருக்கும், சுவரில் டி.டபிள்யூ.ஐ. என்ற குறியோ முக்கோணமோ அவை இருக்கும் இடத்தைக் காட்டும். இருசக்கர வண்டிக்கு அந்த மேட்டின் உயரம் 0.8 மி.மீ. பட்டன் அந்த மேட்டைத் தொட்டுவிட்டால் டயர் சட்டப்படியே முடிந்தது. மழைக்கு அதுவரை காத்திருக்கக் கூடாது என்பது என் கருத்து. நடுவில் 2 மி.மீ.-க்குக் கீழே போய்விட்டால், ஓரம் எவ்வளவு புதிதாக இருந்தாலும், அந்த டயரை ஐப்பசிக்குள் கொண்டுபோக வேண்டாம். “ஓரத்துல இன்னும் நிறைய இருக்கே” என்று சொல்வது இந்தச் சாலையில் செல்லாது. வண்டி நிற்பது நடுவில்தான்.

பொதுவாகப் பின் டயர் முதலில் தேயும். இரண்டு பின் டயர் மாற்றும் நேரத்துக்கு ஒரு முன் டயர் என்ற அளவில் வரும். முன் டயர் ஐந்து வருடப் பழசாகிவிட்டால் பட்டன் இருந்தாலும் இரண்டையும் ஒரே ஜோடியாக, ஒரே ரகத்தில் மாற்றுங்கள். பிரேக் பிடிக்கும்போது பாரத்தின் பெரும்பகுதி முன் டயருக்குத்தான் வருகிறது.

டயர் மாற்ற இந்தப் பகுதிக்கு ஏற்ற மாதம் புரட்டாசி. தீபாவளி போனஸ் வரட்டும் என்று தள்ளினால் பல ஆண்டுகளில் மழை முந்திக்கொள்கிறது. பிள்ளைகளுக்கு வண்டி வாங்கிக்கொடுத்த அப்பா, அம்மாவுக்கும் ஒரு வேண்டுகோள்: பெட்ரோலுக்குக் காசு கேட்கும்போது ஒருமுறை கீழே குனிந்து பின் டயரின் நடுப்பகுதியைத் தடவிப் பாருங்கள். வழுவழுவென்று இருந்தால் அந்த வாரமே கடைக்குக் கூட்டிப்போய், கம்பெனி சொன்ன சைஸில், இந்த வருடத் தேதி போட்ட, மழைக்கான பள்ளமுள்ள டயராகக் கேட்டு வாங்கிக் கொடுங்கள்.